எரிபொருளை விட்டு நீளத்தை அளக்கும் வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரங்களில் டபுள் கேப் பிக்கப்பை (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் உள்ள வண்டி) கொடுத்துவிட்டு எஸ்யூவி வாங்கும் விவசாயக் குடும்பங்கள் பெருகி வருகின்றன. அவற்றில் பல குடும்பங்கள் எரிபொருள் செலவைக் குறைக்கவே வண்டியை மாற்றுகின்றன. ஆனால் மாற்றிய பிறகும் பங்க்கில் கொடுக்கும் தொகை பெரிதாகக் குறையவில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறேன். வண்டி வாங்குகிறவர் பார்க்கும் கணக்கும், அரசு வரி போடும் கணக்கும் இரண்டுமே எரிபொருளை நேராக அளக்காமல் வேறு எதையோ அளக்கின்றன என்பதே இதற்குக் காரணம். இதைத் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்கள், ஆட்சியாளர்கள் இரு தரப்பின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

பிக்கப் ஏன் தேவையற்றுப் போனது என்பதை முதலில் சொல்ல வேண்டும். முன்பு உரமூட்டை, பிவிசி பைப், பழுதான மோட்டார், தேங்காய் என எல்லாவற்றுக்கும் நாமே வண்டி கட்டினோம். இப்போது தேங்காய் வியாபாரிகள் தோப்புக்கே வந்து, காயை எண்ணி, தங்கள் வண்டியிலேயே ஏற்றிச் செல்கிறார்கள். உரத்துக்கும் பைப்புக்கும் ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பேசினால் போதும். ஆகவே பிக்கப்பின் தொட்டி பெரும்பாலான நாட்களில் காலியாகவே ஓடுகிறது. பாரத்துக்காக அமைந்த பின்புற பிளேட் ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடுகிறது. பின் இருக்கையின் சாய்வு செங்குத்தாக இருப்பதால், கோவை மருத்துவமனைக்குப் போய்வருவதற்குள் வயதானவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் தென்னை வருமானத்தைக் குறைத்துவிட்ட இந்தக் காலத்தில், காலித் தொட்டியைச் சுமந்து திரிய டீசல் ஊற்றுவதில் எந்த நியாயமும் இல்லை. மாற்ற வேண்டும் என்ற முடிவு சரியானதே. எதற்கு மாற்றுவது என்பதில்தான் தவறு நேர்கிறது.

பிக்கப் ஓட்டிப் பழகியவருக்கு உயரமும் எடையும் உள்ள வண்டிதான் மனதுக்குப் பிடிக்கும். அதனால் 2 லிட்டருக்கு மேற்பட்ட டீசல் என்ஜின் கொண்ட பெரிய எஸ்யூவியையே முதலில் தேடுகிறார்கள். ஷோரூமில் சொல்லப்படும் மைலேஜ் எண்ணை அவர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த எண், சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி, ஏசியை அணைத்து வைத்து, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஓட்டச் சுழற்சியில் பெறப்படுவது. கோடையில் ஏசி போட்டுக்கொண்டு, ஐந்து பேரை ஏற்றி, ஊருக்கு ஊர் வேகத்தடை உள்ள சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த எண் கிடைக்காது. மாடலுக்கு மாடல் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவுமே தவிர, மாதச் செலவைக் கணக்கிட உதவாது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும் நம் பழக்கமும் கணக்கை மறைக்கிறது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிக் கேட்டால்தான் உண்மை தெரியும். நடைமுறையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் பிக்கப், 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9.1 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு 17 தரும் சிறிய டீசல் எஸ்யூவிக்கு 5.9 லிட்டர் போதும். பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும், லிட்டருக்கு 21 தரும் ஹைப்ரிட்டுக்கு 4.8 லிட்டர் ஆகும். 11-லிருந்து 17-க்கு வருவதில் 3 லிட்டருக்கு மேல் மிச்சம். 17-லிருந்து 21-க்குப் போவதில் மிச்சம் 1 லிட்டரை ஒட்டியே நிற்கிறது. பெரிய டீசல் எஸ்யூவிக்கு மாறி 11-ஐ 12.5 ஆக்குகிறவருக்கும் அதே 1 லிட்டர்தான் மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பிக்கப்புக்குச் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம், பெரிய டீசல் எஸ்யூவிக்கு 1 லட்சத்து 12 ஆயிரம், சிறிய டீசல் எஸ்யூவிக்கு 82 ஆயிரம், ஹைப்ரிட்டுக்கு 72 ஆயிரம் ரூபாய் ஆகும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பெரிய எஸ்யூவியில் ஏறியவர் ஆண்டுக்கு மிச்சம் பிடிப்பது 15 ஆயிரம் ரூபாய். அவர் கட்டும் மாதத் தவணையில் ஒன்றுக்குக்கூட அது போதாது.

எந்த வண்டி யாருக்குப் பொருந்தும் என்பதும் அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது. 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட 1.5 லிட்டர் டீசல் எஸ்யூவிகள் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கும் மலை ஏற்றத்துக்கும் மிகப் பொருத்தமானவை. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களின் புகைவழியில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து வெளியேற, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோப்புக்கும் வீட்டுக்கும் இடையே தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். பிக்கப்பைப் போலவே ஓட்டலாம் என்று எண்ணி வாங்கியவர்கள் பலர் இதனால் பட்டறைக்கு அலைகிறார்கள். விற்பனையாளர்களில் இதை வாங்குமுன் எடுத்துச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

ஹைப்ரிட்டின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய இரண்டும் 2022-இல் வந்தவை. சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது அவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (சிறிது தூரம் மின் மோட்டாரில் மட்டுமே ஓடக்கூடிய) மாடலின் எண். நின்று நின்று ஓடும் நகர நெரிசலில்தான் அதன் சிக்கனம் முழுமையாக வெளிப்படும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை அது பேட்டரியில் சேமித்துக்கொள்கிறது. உறவினர் ஒருவரின் ஹைப்ரிட் வண்டியில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறியபோது இதன் இரு பக்கங்களையும் பார்த்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில், ஏற்றம் தொடங்கிச் சில வளைவுகளுக்குள்ளேயே சிறிய பேட்டரியின் கோடுகள் திரையில் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதன்பின் மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் தனியாக முனகி ஏற வேண்டியிருந்தது. இறங்கும்போது என்ஜின் பெரும்பாலும் ஓசையின்றி நின்றிருக்க, அதே கோடுகள் மீண்டும் நிரம்பின. தினமும் கோவைக்குள் ஓட்டுகிறவருக்கு ஹைப்ரிட்டை விடச் சிறந்த தேர்வு பெட்ரோல் வண்டிகளில் இல்லை. தினமும் மலை ஏறுகிறவர் சிறிய டீசலைப் பார்க்கலாம். பின்புறச் சாமான் இடத்தில் ஒரு பகுதியை ஹைப்ரிட் பேட்டரி எடுத்துக்கொள்கிறது என்பதையும், பல சிஎன்ஜி மாடல்களில் சிலிண்டர் அந்த இடத்தை ஏறக்குறைய முழுதாகவே அடைத்துவிடுகிறது என்பதையும், மூட்டை ஏற்றிப் பழகிய நாம் வாங்குமுன் டிக்கியைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் வண்டி வாங்குகிறவர் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் ஓரளவு குறையவே செய்யும்.

இனி வரிக்கு வருகிறேன். இக்கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஜிஎஸ்டி விகிதத்தின்படி, 4,000 மில்லிமீட்டர் நீளத்துக்கு மிகாத கார்களில், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் 1,500 சிசிக்கு மிகாத டீசல் என்ஜினும் கொண்டவற்றுக்கு வரி 18 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். மற்றவை அனைத்துக்கும் 40 சதவீதம். இந்த அளவுகோலில் எரிபொருள் சிக்கனம் என்ற சொல்லே இடம்பெறவில்லை. 3,995 மில்லிமீட்டர் நீளமுள்ள பொலேரோ, ஏணி போன்ற கனமான இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட 1.5 லிட்டர் டீசல் வண்டி. சோதனைக் கணக்கிலேயே லிட்டருக்கு 20 கிலோமீட்டரை எட்டாதது. அதற்கு 18 சதவீதம். அதைவிட ஒரு முழம்கூட அதிகமில்லாத நீளமும் 27.97 மைலேஜும் கொண்ட ஹைப்ரிட்டுக்கு 40 சதவீதம். பொலேரோ உழைக்கும் வண்டி, அதற்கு வரி குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பழைய விகிதங்களோடு ஒப்பிட்டால் வேதனை கூடுகிறது. முன்பு செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 50 சதவீதம் கட்டிய பெரிய எஸ்யூவிகள் இப்போது 40 சதவீதம் கட்டுகின்றன. அவற்றுக்கு 10 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. 43 சதவீதம் கட்டிய ஹைப்ரிட்டுக்குக் குறைந்தது 3 புள்ளிகள் மட்டுமே. முன்பு இவ்விரண்டுக்கும் இடையே இருந்த 7 புள்ளி இடைவெளி, சிக்கனத்துக்குக் கிடைத்த சிறு சலுகையாகவாவது இருந்தது. அதுவும் இப்போது இல்லை. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் வண்டியும் 5 லிட்டர் குடிக்கும் வண்டியும் ஒரே வரி கட்டுகின்றன.

இதற்கு மேல் மாநில அரசின் சாலை வரி வேறு. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி தமிழகத்தில் 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள காருக்கு ஆயுள் வரி அதிகபட்சம் 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஹைப்ரிட் தொழில்நுட்பம் விலையை உயர்த்துகிறது, 40 சதவீத ஜிஎஸ்டி அதை மேலும் உயர்த்துகிறது, உயர்ந்த விலையைக் காரணம் காட்டி சாலை வரியும் உயர்கிறது. சிக்கனமான வண்டியைத் தேர்ந்தெடுத்தவருக்கு வரியின் மேல் வரியாக விழுகிறது. மேலே சொன்ன கணக்கில் சிறிய டீசலுக்கும் ஹைப்ரிட்டுக்கும் ஆண்டுச் செலவில் உள்ள வித்தியாசம் 10 ஆயிரம் ரூபாய் மட்டுமே. ஆன் ரோடு விலையில் லட்சங்களில் உள்ள வித்தியாசத்தை அந்தத் தொகை வண்டியின் ஆயுள் முடியும்வரை ஈடுகட்டாது. ஆகவே விவரம் தெரிந்தவர்கூட ஹைப்ரிட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். உத்தரப்பிரதேச அரசு 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்களுக்கு பதிவு வரியை முழுமையாக விலக்கியது. கார் உற்பத்தியில் நாட்டின் முன்னணியில் நிற்கும் தமிழகம் முழு விலக்கு தர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. விலை எதுவானாலும் ஹைப்ரிட்டை 13 சதவீதப் பிரிவில் வைத்தால் போதும்.

எரிபொருளை வைத்து வரி விதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று யாரும் சொல்ல முடியாது. கார் நிறுவனங்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு வரம்பு விதிக்கும் கேஃபே விதி 2017 முதலே நம் நாட்டில் இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு மாடலும் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு விடுகிறது என்பதை நிறுவனங்கள் அளந்து அரசிடம் கொடுத்தே ஆக வேண்டும். புகை குறைவென்றால் எரிந்த எரிபொருளும் குறைவு. கையில் இருக்கும் அந்த எண்ணைக் கொண்டே வரிப் படிகளை வகுக்கலாம். தேவைப்படும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் ஒரு நாடு, காரின் முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை அளந்து வரி விதிப்பதை இனியும் தொடரக் கூடாது.

ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழகத்துக்கும் இடம் உண்டு. அடுத்த கூட்டத்தில் மாநில நிதியமைச்சர் இதை எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஷோரூம்களில் நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும், ஏசியுடன் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதைத் தமிழில் ஒட்டி வைக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். தங்கள் வாகனப் பகுதியிலும் புதிய கார்களை அறிமுகம் செய்யும்போது, நிறுவனம் தரும் எண்ணோடு நிறுத்திவிடாமல், டேங்க்கை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பிப் பார்த்த கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பொள்ளாச்சி.