மனோன்மணீயம் மேடையேற உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நெல்லையப்பர், காந்திமதி அம்மன் திருவருளால் வரும் மாசியில் பாளையங்கோட்டையில் மனோன்மணீயம் நாடகத்தைப் புது வடிவில் அரங்கேற்ற இருக்கிறோம். தை முதல் தேதிக்குள் அரங்க வாடகைப் பாக்கியைக் கட்டாவிட்டால் அந்த நாள் கைநழுவிவிடும்.

பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இதை வெளியிட்டது 1891இல். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர்; திருநெல்வேலியிலும் பள்ளிப் பணியாற்றியவர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி, அதைப் பாண்டியன் மகளின் காதலாக்கினார். மதுரையை விட்டு வந்த அந்தப் பாண்டியன் ஜீவகன் கோட்டை கட்டியது எங்கே? நம் திருநெல்வேலியில்! நம் பெரியவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பது நியாயமே. விழா மேடைகளில் எழுந்து நின்று பாடுகிறோமே தமிழ்த்தாய் வாழ்த்து, அதுவும் இந்நூலின் பாயிரத்தில் உள்ளதுதான்.

கனவில் கண்ட சேரன் புருடோத்தமனிடம் மனம் பறிகொடுத்தவள் மனோன்மணி. அமைச்சன் குடிலனோ தன் மகன் பலதேவனுக்கு அவளை முடிக்கப் பார்க்கிறான். மனோன்மணியின் தோழியும் நடராசனை விரும்புபவளுமான வாணியை அதே பலதேவனுக்குக் கொடுக்கத் துடிக்கிறான் அவள் தந்தை சகடன். பெண்ணைக் கேளாமல் கல்யாணம் பேசும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே இன்றைய உடையில், வாணியின் மறுப்பை நடுநாயகமாக வைத்து, 2 மணி நேரத்துக்குள் அமைத்திருக்கிறோம். நூலின் அகவற்பாக்களைச் சுருக்கினோம், எடுத்த அடிகளில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. சேரன் வெளிப்படும் சுரங்கவழி, பலகையும் கறுப்புத் துணியுமாக மேடையில் எழும்.

ஒளி, ஒலிக்கு ரூ.1,10,000, மேடை அமைப்பு ரூ.85,000, நடிகர் உணவு, பயணம் ரூ.60,000, இசை ரூ.50,000, உடை, ஒப்பனை ரூ.45,000, அரங்கம் ரூ.40,000. மொத்தம் ரூ.3,90,000. வந்தது ரூ.2,35,000. இன்னும் ரூ.1,55,000 வேண்டும்.

இதுவரை கொடுத்தவர்களை வணங்குகிறோம். ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த தமிழாசிரியர், ஒத்திகைக்கு மாடியை வாடகையின்றி விட்ட அரிசிக்கடை அண்ணாச்சி, சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்ற மகளிர் குழுவினர் ஆகியோருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். பீடி சுற்றும் தாய்மார்கள் பத்து ரூபாய்த் தாள்களைச் சேர்த்து, பீடி நூலாலேயே கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டைப் பிரிக்கப் பொருளாளருக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தில் எழுந்து தொகை அறிவித்துக் கைத்தட்டல் பெற்ற சிலர் இன்னும் அதைத் தரவில்லை. கோயில் கொடைக்கு வாரி வழங்கும் ஊர் இது. தன்னைத் தலைநகராக வைத்துப் பாடிய நூலுக்குக் கையை மூடிக்கொண்டால் வெளியூரார் என்ன சொல்வார்கள்? நூறு ரூபாயானாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம்.

மார்கழி முடிவதற்குள் ஒத்திகை நடக்கும் மாடிக்கு வந்து பொருளாளரிடம் செலுத்துங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
நாடகக் குழுவினர்