வண்டி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

19ஆம் நூற்றாண்டுப் போர்க்கள மருத்துவம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறுவை சிகிச்சை, குளோரோஃபார்ம் எல்லாம் விரிவாக இருக்கிறது, ஆனால் அடிபட்டவனை மருத்துவரிடம் கொண்டு வந்து சேர்த்த வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாரே 1792இலேயே இதில் இறங்கிவிட்டார். அதுவரை மருத்துவ வண்டிகள் களத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் பின்னால்தான் நிற்க வேண்டும், சண்டை ஓய்ந்த பிறகுதான் வரும். அவரோ இரண்டு குதிரை பூட்டிய, அதிர்வு தாங்கும் வில் (ஸ்ப்ரிங்) வைத்த இலகுவான வண்டியைக் களத்துக்குள்ளேயே அனுப்பினார். மெத்தை போட்ட படுக்கைத் தட்டு உருளைகளின் மேல் வெளியே வரும், ஆளைக் கிடத்தி அப்படியே உள்ளே தள்ளிவிடலாம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ஒற்றைக் குதிரை, இரண்டு சக்கர வண்டிகளை நம்பினார்கள். குதிரை வைக்கும் ஒவ்வொரு அடியும் வண்டித் தட்டை முன்னும் பின்னும் ஆட்டும், தொடை எலும்பு நொறுங்கிப் படுத்திருப்பவனுக்கு அந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் உடைந்த முனைகள் சதைக்குள் உரசும். வீரர்கள் அதில் ஏறவே பயந்தார்கள். அப்புறம்தான் நான்கு சக்கர வண்டிகள் அதன் இடத்தைப் பிடித்தன.

சரி, நல்ல வண்டி வந்தால் போதுமா? 1862 ஆகஸ்டில் இரண்டாம் புல் ரன் சண்டையில் கூலிக்கு அமர்த்திய வண்டிக்காரர்கள் பலர் ஓடிவிட்டார்கள், காயம்பட்டவர்கள் நாள்கணக்கில் வெட்டவெளியிலேயே கிடந்தார்கள். அதே மாதம் ராணுவ மருத்துவர் ஜோனதன் லெட்டர்மேன், வடக்கு மாநிலங்களின் பொட்டோமாக் படையில் வண்டி, ஓட்டுநர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் எல்லாவற்றையும் மருத்துவத் துறையின் கீழ் கொண்டுவந்து, அந்த வண்டிகளை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று கட்டாயமாக்கினார். என்னைக் கேட்டால், வில்லையும் சக்கரத்தையும் விடப் பெரிய வடிவமைப்பு இதுதான். செப்டம்பர் 17 ஆன்டீடம் சண்டையில், அவ்வளவு ரத்தம் சிந்திய நாளில், அவர் பக்கத்தில் காயம்பட்டவர்களை ஏறக்குறைய ஒரே நாளில் அப்புறப்படுத்த முடிந்தது.

ஆனாலும் இது எல்லாப் படைக்கும் சட்டமாக 1864 மார்ச் வரை ஆனது. இடையில் 1863இல் பாஸ்டன் மருத்துவர் பௌடிச்சின் மகன் ஆம்புலன்ஸ் கிடைக்காமல் இறந்துபோக, அந்தத் தந்தை விடாமல் எழுதியும் பேசியும் போராடினார். அவரையும் லெட்டர்மேனையும் பற்றி அடுத்த இணைப்பிலாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்