பழைய டிடெக்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்டல் டிடெக்டரோடு வயலிலும் கடற்கரையிலும் தேடுவது பிரிட்டனில் வேரூன்றிய பொழுதுபோக்கு. அதில் புதிதாக இறங்கும் நம்மவர்கள், பழைய கருவியை வைத்து இரண்டு வாரம் ஆணி தோண்டிவிட்டு, ‘இது தேறாது’ என்று புதியதற்குப் பணம் கட்டுவது வருத்தமளிக்கிறது. டிடெக்டர் செய்துவந்த டெசோரோ, வைட்ஸ் நிறுவனங்கள் மூடப்பட்டுவிட்டாலும் அவற்றின் பழைய அனலாக் (குமிழைத் திருகி இயக்கும்) கருவிகள் இன்றும் நன்றாக உழைக்கும்.

முதலில் கருவியின் இப்போதைய திறனை அளந்துகொள்ளுங்கள். காயிலை (தண்டின் நுனியில் உள்ள, தரைமேல் வீசும் தட்டு) இரும்பு எதுவும் அருகில் இல்லாதபடி நிறுத்தி, அதன் முன் ஒரு நாணயத்தை ஆட்டி, எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் ஒலி நிற்கிறது என்று குறித்து வையுங்கள். 1992-க்குப் பிந்தைய ஒரு பென்னி இதற்கு உதவாது. அது செம்பு பூசிய எஃகு. ஊரிலிருந்து கொண்டுவந்த இன்றைய ஒரு ரூபாயும் எஃகுதான். காந்தம் ஒட்டும் காசை நம்பிக் கருவியை எடைபோட முடியாது. 1980-களின் வெண்கலப் பென்னி சரியாக இருக்கும்.

அடுத்து பேட்டரிப் பெட்டி. முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து உலரவிடுங்கள். எட்டு பென்சில் பேட்டரி போடும் கருவியில் சாதாரண ஆல்கலைன் 12 வோல்ட் தரும். ரீசார்ஜ் செய்யும் வகை 9.6 வோல்ட்தான் தரும். குமிழைத் திருகும்போது கரகரத்தால் உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள். காயிலின் அடிமூடியைக் கழற்றிச் சேர்ந்திருக்கும் மண்ணைக் கழுவுங்கள். காயில் ஒயர் தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். காயிலுக்கு அருகில் அது ஆடினால் ஒன்றும் இல்லாத இடத்திலும் கத்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வேண்டாத உலோகங்களின் ஒலியை அடக்கும் டிஸ்கிரிமினேஷன் குமிழை ஏற்றி வைப்பது. கருவி உலோகத்தின் பெயரை அறியாது. திரும்பி வரும் சிக்னலின் கட்ட வேறுபாட்டை, அதாவது அனுப்பிய அலையிலிருந்து அது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை மட்டுமே அறியும். அந்த வேறுபாட்டின் வரிசையில் மெல்லிய தங்க மோதிரம் அலுமினியத் தாளோடும், கொஞ்சம் கனமானது பான டப்பாவின் இழுப்பு வளையத்தோடும் போய் நிற்கும். வளையத்தை ஒதுக்கினால் தங்கமும் ஒதுங்கிவிடும். இன்னொன்று: ஆணியின் மேல் போகும்போது ஒலி அடங்கிப்போகும், அது மீள்வதற்குள் பக்கத்தில் கிடக்கும் வெள்ளிக்காசைக் காயில் கடந்துவிடும். ஆகவே சின்ன ஆணியின் ஒலி உடைந்து கேட்கும் அளவுக்கு மட்டும் குமிழை வையுங்கள். இரும்பு மண்டிய இடத்தில் எட்டு அங்குலக் காயிலுக்குப் பதில் ஐந்து அல்லது ஆறு அங்குலக் காயில் மாட்டி மெதுவாக வீசுங்கள். ஆழம் குறையும்; ஆனால் இரண்டு பொருள்களைப் பிரித்துக் கேட்கலாம்.

மண்ணே எழுப்பும் ஒலியைச் சமன்செய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் குமிழ் இருந்தால், உலோகம் இல்லாத மண்ணில் காயிலை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தரையருகே இறக்கி ஏற்றி, ரீங்காரம் மாறாமல் கேட்கும்வரை திருகுங்கள். அதன் பிறகும் சலசலத்தால் சென்சிடிவிட்டியை (உணர்திறனை) குறையுங்கள். அமைதியாகத் தேடும் கருவியே ஆழத்தில் உள்ளதைச் சொல்லும். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியை ஈர மணலுக்குக் கொண்டுபோக வேண்டாம். உப்புநீர் மின்சாரம் கடத்துவதால் மணலே உலோகம் போல ஒலிக்கும். உலர்ந்த மணலில் தேடுங்கள்.

நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிய அரசு அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி டிடெக்டர் பிடிப்பதே குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்க பொருளை 14 நாட்களுக்குள் கரோனரிடம் (இயற்கைக்கு மாறான மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கீழடி, ஆதிச்சநல்லூர் போன்ற மண்ணில் ஒரு காசைப் பிடுங்கி எடுத்தால், அது எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்ற செய்தி அந்த நொடியே அழிந்துவிடும். தயவுசெய்து கருவியை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
வாசகர், இங்கிலாந்து