சிக்கனம் மீட்டரைப் பார்ப்பதில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பச் சிக்கனம் பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் 'இதை வாங்காதீர்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள்' என்றே போகின்றன. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பதுதான் சிக்கனம் என்ற எண்ணமும் அதனால் வேரூன்றிவிட்டது. பிள்ளை கேட்ட தின்பண்டத்தை மறுக்கும் அதே வீட்டில் கழிவறைத் தொட்டி இரவும் பகலும் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். நிற்காமல் ஓடுபவை, சூடாக்குபவை, வட்டி வளர்ப்பவை ஆகிய மூன்று வழிகளில்தான் வீட்டுப் பணம் அதிகம் கரைகிறது. மூன்றையும் அளந்துவிட முடியும். அந்த அளவைமுறையைத் தங்கள் இதழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

மின்சாரத்திலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் முகப்பில் ஒரு சிறிய விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பதும் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 1600, 3200 ஆகியவை பரவலாகக் காணப்படும் எண்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சந்தேகப்படும் ஒரு சாதனத்தை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ண வேண்டும். 1600 என்று போட்ட மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு மினுக்கல் என்றால் 37.5 வாட், 3200 என்றால் 18.75 வாட். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால், அணைந்ததாக நாம் நினைக்கும் ஏதோ ஒன்று ஓடுகிறது. ரிமோட்டில் மட்டும் அணைக்கும் சாதனங்கள்தான் பெரும்பாலும் காரணம். 5 வாட் சாதாரணமாகத் தோன்றும். வருடம் முழுக்க ஓடினால் அதுவே கிட்டத்தட்ட 44 யூனிட்.

ஆனால் முதல் கவனம் ஃப்ரிட்ஜுக்குத்தான் போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் வருடம் முழுவதும் அணைக்காமல் ஓடும் பெரிய சாதனம் அது ஒன்றுதான். கதவு இடுக்கில் ஒரு தாளைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று உள்ளே போகிறது. அந்த ஈரம் உறைந்து பனியாகிறது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது. கைப்பிடிப் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, கீல் பக்கமும் நான்கு மூலைகளும் பார்க்க வேண்டும். பல நேரம் ரப்பரின் மடிப்புக்குள் படிந்த அழுக்குதான் குற்றவாளி. வெதுவெதுப்பான சோப்பு நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் சரியாகிவிடும். விறைத்து வளைந்துபோயிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி நீவிவிட்டுப் பார்க்கலாம். கிழிந்திருந்தால் பல மாடல்களில் ரப்பரை மட்டும் தனியாக மாற்ற முடியும். அதற்காகப் புது ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை.

உள்ளே இருக்கும் 1, 2, 3 என்ற திருகு எண்கள் வெப்பநிலை அல்ல. பெரும்பாலானவற்றில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை இரவு முழுக்க வைத்து, காலையில் 3 முதல் 5 டிகிரி காட்டும்படி திருகுங்கள். அதைவிடக் குளிரவைப்பது வீண் செலவு. 5-க்கு மேல் போனால் உணவு சீக்கிரம் கெடும். ஃப்ரீசரில் பனி 5 மில்லிமீட்டருக்கு மேல் கட்டிவிட்டால் அணைத்துவிட்டு உருகவிட வேண்டும். கத்தியால் மட்டும் சுரண்டவே கூடாது. பனிக்கு அடியில் குளிர்வாயு ஓடும் குழாய் இருக்கிறது. அதில் ஒரு சின்னத் துளை விழுந்தாலே வாயு முழுதும் போய்விடும். அந்தப் பழுதுக்கு ஆகும் செலவு, பல வருடச் சேமிப்பை விழுங்கிவிடும்.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. மின்விசிறி அப்படியல்ல. 75 வாட் இழுக்கும் பழைய வகைக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை) விசிறியை தினம் 10 மணி நேரம் ஓட்டினால் வருடத்துக்கு 164 யூனிட் மிச்சம். எல்லா அறைக்கும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிக நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றினால், அந்த மிச்சத்திலிருந்து அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெந்நீருக்கு ஒரு கணக்கு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.6 யூனிட் ஆகும். தொட்டி ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டே வைத்திருந்தால், ஆறிய சூட்டை ஈடுகட்ட அது திரும்பத் திரும்ப இழுக்கும். சிறிய தொட்டி என்றால், குளிப்பதற்கு முன் போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணைப்பதே நல்லது. அதே நேரம், மிச்சம் பிடிப்பதாக நினைத்துத் தொட்டி நீரை எப்போதும் வெதுவெதுப்பிலேயே தேக்கி வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளரும். 60 டிகிரிக்குச் சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து பயன்படுத்துவதே பாதுகாப்பு.

அடுப்பிலும் இதே கதைதான். கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது; ஆவிதான் அதிகமாகும். கொதித்ததும் மூடி போட்டுச் சிறுதீக்கு வந்துவிட வேண்டும். பிரஷர் குக்கரில் சுமார் 120 டிகிரி வரை சூடு ஏறுவதால் வேகம் கூடுகிறது. அங்கும் ஆவி வந்தபின் தீயைக் குறைப்பதுதான் முறை. சுடர் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறினால் அந்த அளவுக்கு எரிவாயு வீண். மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கலாம், அல்லது காற்று போதாமல் இருக்கலாம்.

தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்க, படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கழிவறைத் தொட்டியை முதலில் சோதிக்க வேண்டும். தொட்டிக்குள் சிறிது உணவு வண்ணம் கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் வண்ணம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது, அல்லது அதில் உப்பு படிந்திருக்கிறது. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்து, சரியாகாவிட்டால் மாற்ற வேண்டும். தொட்டி நடுவில் நிற்கும், மிகுந்த நீரை வெளியேற்றும் வழிகுழாய்க்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் கோளாறு வேறு. மிதவையை இறக்கி, நீர்மட்டம் அந்தக் குழாயின் வாய்க்கு 2 சென்டிமீட்டராவது கீழே நிற்கும்படி செய்ய வேண்டும். சொட்டும் குழாயின் அடியில் 10 நிமிடம் ஒரு டம்ளரை வையுங்கள். 50 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 7 லிட்டருக்கு மேல் போகிறது. இன்னும் இறுக்கித் திருகினால் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இறுக்கி இறுக்கித்தான் வாஷரோடு அது உட்காரும் இடமும் தேய்ந்துபோகிறது.

கடையில் பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதும் உறுதியில்லை. விலையை எடையால் வகுத்துப் பார்த்த பிறகே எடுங்கள். அதிலும், கிலோவுக்கு 20 சதவீதம் மலிவாக வாங்கிய பொருளில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போய்க் கொட்டினால் லாபம் பூஜ்யம்.

கடன் வட்டி மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அழித்துவிடக்கூடியது. மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று நினைக்கிறோம். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து 42.6 சதவீதம் ஆகிறது. குறைந்த வட்டிக்குப் பணத்தைப் போட்டுவிட்டு இப்படிப்பட்ட கடனை வைத்திருப்பது சேமிப்பே ஆகாது. ஒரு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொண்டு, மீதியை வட்டி அதிகமான கடனுக்கு முதலில் கட்டுங்கள். கடன் தீர்ந்தபின் அந்த இருப்பை மூன்று முதல் ஆறு மாதச் செலவு வரை உயர்த்தலாம். பள்ளிக் கட்டணம், காப்பீடு போன்று வருடம் ஒருமுறை வருபவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனியே ஒதுக்கினால் அடுத்த கடனுக்கு அவசியம் வராது.

எரிவாயு ரப்பர் குழாய், எர்த் இணைப்பு, மருந்து ஆகியவற்றில் மட்டும் யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தங்கள் இதழ் மாதத்தின் முதல் நாளில் ஒரு சிறு கட்டத்தை அச்சிட்டால் பல குடும்பங்களுக்கு உதவும். மின் மீட்டர் எண், தண்ணீர் மீட்டர் எண், சிலிண்டர் மாற்றிய தேதி, பாக்கிக் கடன் என்று நான்கு பத்திகள் போதும். கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டி வைக்கும் அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்