பன்றிக்கு விலை வைத்துவிடாதீர்கள்

சத்தியமங்கலம் காட்டோர ஊர்களின் விவசாய சங்கப் பெரியவர்களுக்கு வணக்கங்க.

குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகும் மனுவைப் போன கூட்டத்தில் வாசித்தீர்கள். காட்டுப்பன்றியைச் சுட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. புரட்டாசியில் காய் பிடிக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் எங்கள் அரை ஏக்கர் கடலையை மூக்காலேயே உழுது போட்டிருந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கொடியெல்லாம் வேர் மேலே தெரியக் கிடக்கிறது, சால் நெடுக மென்று துப்பிய தோல். வீட்டுக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அந்தக் கடைசிக் கோரிக்கை வேண்டாங்க. பணம் கட்டி வேட்டையாட வருகிறவர்களைக் கூட்டி வரும் கம்பெனிக்கு உரிமம், விழுகிற பன்றிக்குத் தோட்டக்காரருக்குப் பங்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1999இல் யார் வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும் சுடலாம் என்று மாநிலம் முழுக்கத் திறந்துவிட்டார்கள். அதுவரை 95 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) சுமார் 15இல் இருந்த பன்றி, 2011க்குள் கிட்டத்தட்ட 80க்குப் பரவிவிட்டது. வேட்டை ருசி கண்டவர்களே பன்றியைப் பிடித்துத் தங்கள் பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். கடைசியில் விளையாட்டு வேட்டையை நிறுத்தி, நிலத்துக்காரர் தன் நிலத்துக்கு வரும் பன்றியைக் கொல்லலாம் என்று மாற்றினார்கள்.

பன்றியால் பிழைக்கிறவன் பன்றி ஒழிய விடுவானா? கோரைப்பல் நீண்ட ஆண் பன்றியைச் சுட்டுப் படம் எடுத்துக்கொள்வான், குட்டி போடுகிற பெண் பன்றியை அடுத்த வருசத்துக்கு விட்டுவைப்பான். அப்புறம் நிலம். டெக்சாஸில் பண்ணைகளை வேட்டைக்குக் குத்தகை விடுவதே பெரிய வருமானம், எட்டடி வேலி போட்டு மான் வளர்க்கிறார்கள். இங்கே அந்தக் காசு வந்தால் கடலையும் குச்சிக்கிழங்கும் போடுகிற மேட்டாங்காடு புதராகக் கிடப்பதுதான் லாபம் என்றாகிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கதி என்ன? வெள்ளாட்டை எங்கே ஓட்டுவது?

இப்போதைய விதிப்படி காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு மேல் வனத்துறையே சுடலாம். நம் ஊர்களில் பாதி அந்த 3 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. கூண்டு எத்தனை, ஆள் எத்தனை, தகவல் சொன்னால் எத்தனை நாளில் வருவார்கள், இழப்பீடு எப்போது கைக்கு வரும் என்று தேதியோடு கேளுங்கள்.

கடைசிக் கோரிக்கையை அடித்துவிட்டுக் கொடுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.