கூரை மழைநீரைச் சேமிக்கத் தொட்டி வேண்டி மனு

அனுப்புநர்
தெருவாசிகள் அனைவரின் சார்பாக.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
உள்ளாட்சி அலுவலகம்.

பொருள்: கூரையில் விழும் மழைநீரை வீட்டு உபயோகத்துக்குச் சேமிக்கத் தொட்டி அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் மொட்டைமாடியிலிருந்து மழைநீர்க் குழாய் இறங்குகிறது. ஆனால் அது போய் முடிவது சாக்கடையில். கோடை வந்தால் நாங்களே தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு நிற்கிறோம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் கூரையில் ஒரே இரவில் 20 மி.மீ. பெய்தால் 1,200 லிட்டர். தெறித்தும் காய்ந்தும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் 960 லிட்டர் கைக்கு வரும். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற ஒரு குடும்பத்துக்குப் பல நாள் தாங்கும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் சோப்பும் நன்றாக நுரைக்கும்.

நாங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. போன மழையில், இதை எழுதும் நான், என் வீட்டுக் குழாயின் கீழே ஒரு டிரம் வைத்து, வாயை வேட்டித் துணியால் கட்டினேன். முதல் நாள் வந்தது தேநீர் நிறத்தில் இருந்தது. கூரையில் மாதக்கணக்கில் படிந்த தூசியும் பறவை எச்சமும் அப்படியே இறங்கிவிட்டன. அடுத்த வாரம் பார்த்தால், கட்டிய துணி நடுவில் தொய்ந்து, அந்தக் குழிவில் ஒரு கை தண்ணீர் நின்றது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்து வீட்டாரும் அதைப் பார்த்து டிரம்மை எடுத்துவிட்டார்கள். சேமிக்க ஆசை இருந்தும் முறை தெரியாமல் விட்டுவிடுகிறோம், ஐயா. அதுதான் எங்கள் குறை.

ஆகவே வீடுதோறும் மூடியுள்ள ஒரு தொட்டி அமைக்க உதவ வேண்டுகிறோம். முதல் மழைநீரைத் தனியே பிரித்து வெளியேற்றும் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் 1 மி.மீ.-ஐ ஒதுக்குவதென்றால் 60 சதுர மீட்டர் கூரைக்கு 60 லிட்டர்தான் போகும். மிச்சம் தெளிவாக வரும். தண்ணீர் நுழையும் இடத்திலும் வழியும் இடத்திலும் நெருக்கமான கம்பிவலை தேவை. வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால் ஒளி ஊடுருவாத தொட்டியே நல்லது. வண்டல் அடியில் தங்கும், எனவே தண்ணீர் பிடிக்கும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து சற்று உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கோ நிலத்துக்கோ விடலாம்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடு, ஈயம் கலந்த பெயின்ட் அடித்த கூரை உள்ள வீடுகளைப் பொறியாளர் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். குடிப்பதற்கு இந்தத் தண்ணீரை நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பரிசோதனையும் காய்ச்சுதலும் தனி.

அப்புறம் இன்னொன்று. புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது மழைநீர்க் குழாய் இருக்கிறதா என்று மட்டும் பாராமல், அது எங்கே முடிகிறது என்றும் பார்க்கும்படி உங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுகிறோம்.

தொட்டிக்கு மேடை கட்டும் வேலையும் மழைக்கு முன் மாடி கழுவும் வேலையும் நாங்களே செய்துகொள்கிறோம். மழை தொடங்கும் முன் ஒருமுறை பொறியாளரை அனுப்பி வையுங்கள், ஐயா. கூரைகளை அளந்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள்