கைப்பிடி சுற்றிய காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்டு என்று தங்கள் நாளிதழின் கட்டுரையொன்றில் வந்திருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29-இல். ஃபோர்டின் மாடல் டி கார் வந்ததோ 1908-இல். 1913-இல் நகரும் அசெம்பிளி லைனில் காரைக் கோத்து விலையைக் குறைத்ததுதான் ஃபோர்டின் சாதனை. அதுவே பெரிய விஷயம்தான்.

அதே கட்டுரை, அக்காலக் கார்களைக் கிளப்ப முன்புறக் 'கைப்பிடியைச் சுற்றினால் போதும்' என்கிறது. போதாது! மாடல் டி-யில் முதலில் ஸ்டியரிங்கின் இடப்பக்க லீவரை மேலே தள்ளி, தீப்பொறி தாமதமாக விழும்படி வைக்க வேண்டும். மறந்தால், எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டன் கீழே உதைபட, கைப்பிடி எதிர்த்திசையில் சுழலும். மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்கள் பலர். அதனால்தான் இடக்கையால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் சேர்த்து வைத்து, கீழிருந்து மேலே வெடுக்கென்று இழுப்பார்கள். எஞ்சின் உதைத்தாலும் பிடி விரல்களிலிருந்து நழுவிப்போகும். மேலிருந்து கீழே அழுத்துபவர் கையைப் பணயம் வைக்கிறார்.

இந்தத் தொல்லைக்கு மாற்றாக, அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் வந்தது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்